செல்போன் வெளிச்சம் விழும் முகத்தை ஆயில் பெயின்டில் வரைந்தால் ஏன் நீலம் பூசியதுபோல வருகிறது?

நீங்கள் சொன்ன காட்சி, ராத்திரி நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் செல்போனைக் குனிந்து பார்க்கும் ஒரு பெண். முகம் நீலமாகிவிடுகிறது, போட்டோவைப் பார்த்து மங்கலாக வரையும் ஜெர்மன் ஓவியர் ரிக்டர் மாதிரி மங்கலாக்கப் பார்த்தால் சேறாகிறது என்கிறீர்கள்.

முதலில் நீலத்தைக் குறையுங்கள். நம் மாநிறத் தோல் திரை வெளிச்சத்தில் சாம்பலாகத்தான் மாறும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் அல்ட்ராமரைன் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, செம்மை அடங்கியதும் நிறுத்தி, டைட்டானியம் ஒயிட் கலந்தால் அந்தச் சாம்பல் கிடைக்கும். பின்னால் டீக்கடையின் மஞ்சள் பல்பு இருந்தால் அந்தச் சாம்பலே நீலமாகத் தெரியும். போட்டோ எடுத்து வரைவதானால் கேமரா தானாக நிறத்தைச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்து, அந்த அளவை 5000 கெல்வினில் நிறுத்துங்கள். ஆட்டோ இந்த மஞ்சள், நீல வித்தியாசத்தைத்தான் முதலில் அழிக்கும்.

ஒளி தெரிய இருட்டு வேண்டும். கான்வாஸில் முக்கால் பங்கு இருட்டாகவே இருக்கட்டும். வெளிச்சம் கீழிருந்து வருவதால் தாடையின் அடி, மூக்கின் அடி, புருவத்துக்குக் கீழே உள்ள குழிவு இவைதான் ஒளிரும். போன் முகத்துக்கு வெகு பக்கத்தில் இருப்பதால் நெற்றிக்குப் போவதற்குள் அடங்கிவிடும். கண்மணியில் வட்டப்புள்ளி வைக்காதீர்கள். அங்கே தெரிவது திரை, ஆகவே சிறிய செவ்வகம். தூய வெள்ளை அங்கே மட்டும் போதும்.

மங்கலாக்குவதற்கு அந்தப் பகுதி முழுவதையும் ஒரே நாளில் மெல்லிய படலமாகப் பூசி முடிக்க வேண்டும். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு சீக்கிரம் இறுகும், டைட்டானியம் ஒயிட் தாமதிக்கும். மறுநாள் இழுத்தால் ஒன்று நகராது, மற்றது வழியும். மென்மையான 2 அங்குல உலர்ந்த பிரஷால், தொட்டும் தொடாமலும், வெளிச்சத்திலிருந்து இருட்டை நோக்கி இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷைத் துணியில் துடைக்கவேண்டும். சேறாவதற்குப் பெரும்பாலும் துடைக்காத பிரஷ்தான் காரணம்.

எதை மங்கலாக்குவது என்பதுதான் பெரிய கேள்வி. கெர்ஹார்ட் ரிக்டர் 1988-ல், ஜெர்மன் சிறையில் நடந்த மரணங்களைப் பற்றிப் பத்திரிகை, போலீஸ் படங்களிலிருந்து 15 ஓவியங்கள் வரைந்தார். செய்திப்படம் உறுதியாகக் காட்டியதை மங்கல் திரும்பவும் சந்தேகத்துக்குள் தள்ளுகிறது. 2017 ஒக்கிப் புயலின்போது குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறைக் கரைகளில், கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்தவர்களை டிவியில் பார்த்தோமே, அதை வரைவதானால் முகங்களை மங்கலாக்கி, கீழே ஓடும் செய்தி வரியை மட்டும் கூர்மையாக விடலாம். அழுகிற முகத்தை மறுபடி காட்சிக்கு வைப்பதைவிட அதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

ஜூன் முதல் டிசம்பர் வரை தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் நம் குமரி மாவட்டத்துக்கு உண்டு, சுவர் ஈரமாகும். கான்வாஸைச் சுவரோடு ஒட்டிச் சாய்க்காமல் இரண்டு விரல்கடை இடைவெளி விடுங்கள்; இல்லாவிட்டால் பின்பக்கம் பூசணம் பிடிக்கும். வார்னிஷ் ஆறு மாதம் கழித்துப் போதும்.