ஸ்கேன் எடுத்தும் சுவருக்குள் இருக்கும் பைப் தெரியவில்லையா?

வணக்கம் ஐயா. கிருஷ்ணகிரியில் உள்ள உங்கள் பழைய மண்டபத்துக்கு வரைபடமே இல்லை, லேசர் ஸ்கேன் எடுத்தும் சுவருக்குள் ஓடும் பைப் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். லேசர் மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதைத்தான் அளக்கும்; பூச்சுக்குள் போகாது. ஆனால் அந்த ஸ்கேன் வீண் இல்லை.

தர்மபுரியில் நான் பார்த்துக்கொள்ளும் பள்ளிக் கட்டடத்தில் எந்தச் சுவரை உடைத்தாலும், திரும்பப் பூசுவதற்கு முன் பைப்போடு அளவு டேப்பையும் சேர்த்துப் பிடித்து போட்டோ எடுத்து, ஸ்கேனை வைத்து கம்ப்யூட்டரில் உருவாக்கிய கட்டடத்தின் முப்பரிமாண மாடலில் அதே இடத்தில் இணைத்துவிடுவோம். நம்ம பக்கத்து உப்புத் தண்ணீருக்கு வால்வு ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்துவிடுமே, அந்த வால்வை மாற்றிய தேதியும் அங்கேயே இருக்கும். முதலில் மோட்டார் அறை, மொட்டைமாடித் தொட்டி இரண்டை மட்டும் இப்படிச் செய்யுங்கள், போதும்.

அப்புறம், ஸ்கேன் எடுத்தவரிடம் ஈ57 (E57, ஸ்கேன் தரவைச் சேமிக்கும் பொதுவான வடிவம்) ஃபைலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அது ஸ்கேன் தரவைக் கையாளும் பெரும்பாலான மென்பொருள்களில் திறக்கும்.