ஓடும்போதே விழுந்த பையனுக்குச் சான்றிதழ் மருந்தாகாது

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. கபடி விளையாடுகிறான். போன வாரம் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தான். ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டான். வெயில்தான் காரணம் என்கிறார் பயிற்சியாளர். மாவட்டப் போட்டிக்கான உடல்தகுதிச் சான்றிதழை 200 ரூபாய்க்கு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். விளையாட விடலாமா?

பதில்: விடாதீர்கள், அம்மா. இதய மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பயிற்சி ஓட்டம்கூட வேண்டாம்.

‘ஓடிக்கொண்டிருக்கும்போதே’ என்று எழுதியிருக்கிறீர்களே, என் கவலை அதில்தான். ஓடி முடித்துச் சட்டென்று நின்றவுடன் தலைசுற்றி விழுவது வேறு. ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. நின்றதும் அது காலிலேயே தேங்கி, ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடும். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆகவே கூட ஓடிய பையன்களைக் கேளுங்கள்: விழுந்தது கால் நிற்பதற்கு முன்பா, நின்ற பிறகா? நின்ற பிறகுதான் என்றாலும், நெஞ்சு வலியோ படபடப்போ இருந்திருந்தால், குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது திடீரென இறந்திருந்தால், ‘ஆபத்தில்லை’ என்ற இந்த விலக்கு உங்கள் மகனுக்குப் பொருந்தாது.

ஓடும்போதே விழுந்தான் என்றால் முதலில் இதயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். 2003 ஜூனில், லியோன் நகரில் ஆடிக்கொண்டிருந்த கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோ, யாரும் மோதாமலே சரிந்து இறந்தார். வயது 28. பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு அவருக்கு இருந்தது.

அந்த 200 ரூபாய் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரு போட்டியில் அப்படி வந்த 11 சான்றிதழ்களை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். 11 பேருக்கும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் 120/80. ஒருவர் கையிலும் ரத்த அழுத்தப் பட்டை சுற்றப்படவில்லை. இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டுக்கு இசிஜி கட்டாயம். இங்கோ முத்திரை குத்திய தாள் வந்தால் போதும், பையன் வந்தானா என்று எவரும் கேட்பதில்லை. எத்தனை முறை சொல்லியாயிற்று!

‘முழு உடல் பரிசோதனை’ என்று ஆயிரக்கணக்கில் பிடுங்கும் தரகரிடமும் போகாதீர்கள். சர்க்கரையும் கொழுப்பும் தைராய்டும் பார்த்தால் இந்தக் கோளாறு தெரியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவுக்குப் போங்கள். ‘மயக்கம் வந்தது’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘ஓடும்போதே விழுந்தான்’ என்று சொல்லுங்கள். இசிஜி, எக்கோ (இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது) இரண்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இசிஜி சரியாக இருக்கிறது என்ற ஒன்றை வைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

பயிற்சியாளரிடம் இதைக் காட்டுங்கள்: விழுந்தவன் கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் முகத்தில் தண்ணீர் தெளித்து நேரத்தைக் கடத்த வேண்டாம். வாயைத் திறந்து திறந்து இழுப்பது மூச்சல்ல. ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நடு நெஞ்சில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 2021 ஜூனில் கோபன்ஹேகன் மைதானத்தில் விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் பிழைத்தது, அங்கேயே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சியும் கொடுத்ததால்தான். அந்த மின் அதிர்ச்சிக் கருவி மாவட்டப் போட்டி நடக்கும் மைதானத்தில் இருக்குமா என்று அமைப்பாளரிடம் இன்றே கேளுங்கள்.