ஒன்றரை வருடத்தில் பிளாக் பெல்ட் என்றால் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு 41 வயது, குரோம்பேட்டையில் இருக்கிறேன். மகன் ஒன்பதாம் வகுப்பு. பக்கத்துத் தெருவில் ஐக்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். போட்டியே கிடையாது, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆள் சேர்க்க வந்தவர், வருடக் கட்டணம் 24,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினால் ஒன்றரை வருடத்தில் பிளாக் பெல்ட், மகனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கும் உதவும் என்றார். எனக்கு முழங்கால் வலி வேறு இருக்கிறது. சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேரலாம் சகோதரி. ஆனால் அந்த 24,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள்.

ஸ்போர்ட்ஸ் கோட்டா பேச்சை முதலில் முடித்துவிடுவோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் பார்ப்பது எந்தப் போட்டியில் ஆடினீர்கள், என்ன இடம் பிடித்தீர்கள் என்பதைத்தான். ஐக்கிடோவை உருவாக்கிய மொரிஹேய் உயேஷிபா (1883–1969) போட்டியே வேண்டாம் என்று சொன்னவர். போட்டியே இல்லாத கலையில் போட்டிச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? நம் ஊரில் பதக்கம் இல்லாத எதையும் பள்ளியும் மதிப்பதில்லை, கல்லூரியும் மதிப்பதில்லை, அதனால்தான் பெற்றோரின் பயத்தைக் காசாக்க இந்தத் தரகர்கள் கிளம்பிவிடுகிறார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் எதிர்த்துக் கேட்டால் அவர்கள் பிடித்துக்கொள்வது அதைத்தான். உயேஷிபாவின் மாணவர்களில் கென்ஜி தோமிகி என்று ஒருவர் இருந்தார். ஜூடோவிலும் பெரிய ஆள், டோக்கியோவின் வாசெடா பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுத்தவர். போட்டி இல்லாவிட்டால் கற்றது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று தெரியாது என்பது அவருடைய வாதம். அதனால் ஒருவர் கையில் மெத்தென்ற பொம்மைக் கத்தியைக் கொடுத்துத் தாக்கச் சொல்லி, இன்னொருவரைத் தடுக்கச் சொல்லி, பாதி நேரம் ஆனதும் கத்தியை மாற்றிக்கொடுத்து, புள்ளி போடும் ஒரு முறையை உண்டாக்கினார். ஷோடோகான் என்று பெயர், இன்றும் நடக்கிறது. ஆனால் உங்களிடம் வந்தவரே போட்டி கிடையாது என்றுதானே சொன்னார்? அப்படியென்றால் அவர் விற்பது ஷோடோகான் இல்லை. அதே வாயால் கோட்டாவையும் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்று பொய்.

அடுத்தது ஒன்றரை வருடக் கணக்கு. டோக்கியோ ஷின்ஜுகுவில் இருக்கும் ஐகிகாய் என்ற ஐக்கிடோ அமைப்பின் தலைமைப் பள்ளியில், பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய படிகளில் முதலாவதான ஐந்தாம் கியூ தேர்வுக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சி வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு படிக்கும் 40, 50, 50, 60, கடைசியில் ஷோடான் என்கிற முதல் பிளாக் பெல்ட்டுக்கு 70. கூட்டினால் 300 நாள். வாரம் இரண்டு வகுப்பு என்றால் மழை, பரீட்சை, பண்டிகை எல்லாம் போக வருடத்துக்கு 80 நாள் தேறும். கிட்டத்தட்ட நான்கு வருடம், அதுவும் ஒரு தேர்விலும் தவறாமல் இருந்தால். சான்றிதழில் யார் கையெழுத்து என்றும் கேளுங்கள். ஐகிகாயில் பிளாக் பெல்ட்டை டோக்கியோவில் பதிவு செய்வார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்சடித்தால் அது வெறும் காகிதம். மூன்று மாதத்துக்கு ஒரு கலர் பெல்ட், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்றாலும் வேண்டாம். டோக்கியோவில் பெரியவர்கள் பிளாக் பெல்ட் வரும்வரை வெள்ளைதான் கட்டுகிறார்கள்.

போட்டி இல்லை என்பதற்காக அடிபடாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஐம்பது அறுபது தடவை விழ வேண்டியிருக்கும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு வகுப்பு ஓரமாக உட்கார்ந்து, புதியவர்களுக்கு விழக் கற்றுக்கொடுக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். உகேமி என்பார்கள். பின்னால் விழும்போது தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை தரையில் மோதும். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது, மணிக்கட்டு போய்விடும். வேறு இடத்தில் பிரவுன் பெல்ட் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்த ஒரு பையனுக்கு இது தெரியவில்லை, முதல் நாளே கையை ஊன்றினான், ஆறு வாரம் மாவுக்கட்டு. அவன் மேல் தப்பில்லை, யாருமே சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஷிஹோநாகே என்ற பிடியில் கையைத் தோளுக்கு மடித்துப் பின்னால் சாய்ப்பார்கள், புதிய ஆளைக் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல மெதுவாக இறக்க வேண்டும். வேகமாக வீசுகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிடிபட்டவர் கையால் இரண்டு தடவை தட்டினால் அந்த நொடியே பிடியை விடுகிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

தரை முக்கியம். டைல்ஸ் மேல் யோகா பாய் போட்டிருந்தால் போதாது. இரண்டு விரல் கனத்துக்கு ஃபோம் மேட், இடைவெளி இல்லாமல் கோர்த்து இருக்க வேண்டும். இட்லிக்கடை போட்டால்கூட உரிமம் எங்கே என்று கேட்க ஆள் வருகிறது, பிள்ளைகள் கழுத்தோடு விழுகிற இடத்துக்கு ஒருவரும் வந்து மேட் இருக்கிறதா என்று கேட்பதில்லை. பத்தொன்பது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆக, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முழங்காலுக்கு ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். மண்டியிட்டபடியே நகர்வது, உட்கார்ந்தே செய்யும் பிடிகள் எல்லாம் இதில் உண்டு, அவைதான் உங்களுக்கு ஆகாது. எனக்கு எல்லாமே நின்றபடிதான் என்று முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் மறுபேச்சு பேச மாட்டார்.

சரி, எல்லாம் ஒத்துவந்தால் ஒரு மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். சீருடை உடனே வாங்க வேண்டியதில்லை, டிராக் பேன்ட்டும் முழுக்கை டீ சர்ட்டும் போதும். நகம் வெட்டிக்கொள்ளுங்கள், வளையல், தோடு கழற்றி வையுங்கள், தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராவிட்டால் உள்ளே போட்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மாத முடிவில் மகனுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவனை விட்டுவிடுங்கள், நீங்கள் தொடரலாம். நாற்பதைத் தாண்டித் தொடங்கியவர்கள் என் வகுப்பிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.