பக்கத்து வீட்டுக் கணக்கு

கேள்வி: பரிமாற்றத் திட்டத்தில் சுவீடன் போயிருக்கும் என் மகள், பாடக் குறிப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது என்னன்னு சொல்லுங்கம்மா பார்ப்போம்" என்கிறாள். மேலே 'கிரன்மட்ரீஸ்', கீழே வெறும் 0, 1. தலை சுற்றுகிறது.
– ஈசூன் வாசகி

பதில்: பெயர்தான் மிரட்டுகிறது, விஷயம் எளிது. சுவீடிஷில் 'கிரன்னே' என்றால் பக்கத்து வீட்டுக்காரர், 'மட்ரீஸ்' என்றால் நாம் பள்ளியில் படித்த அணி, அதாவது எண்களை வரிசையாக அடுக்கிய 'மேட்ரிக்ஸ்'. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியலில், எந்தப் புள்ளிக்கு எது அண்டை என்று குறித்துவைக்கும் கட்டம் இது. நான் அண்டை அணி என்பேன்.

நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் வரைபடத்தில் ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா, டோபி காட், ரோச்சோர் நான்கை மட்டும் எடுத்து, இடப்பக்கம் மேலிருந்து கீழாகவும், தலைப்பில் குறுக்காகவும் அதே வரிசையில் எழுதுங்கள். நடுவில் வேறு நிலையம் இல்லாமல் ரயில் போனால் 1, இல்லையென்றால் 0. லிட்டில் இந்தியாவின் வரிசை 1, 0, 1, 1. மற்ற மூன்றுக்கும் 0, 1, 0, 0 தான். பாவம், இந்த நாலுக்குள் அவற்றுக்கு லிட்டில் இந்தியாவை விட்டால் நாதியில்லை.

அப்புறம்தான் வேடிக்கை. இந்த அணியை அதே அணியால் பெருக்கினால், இரண்டே தாவலில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எத்தனை வழி என்பது தானாக வந்து விழும். ஃபேரர் பார்க்குக்கும் டோபி காட்டுக்கும் 0 இருந்த கட்டத்தில் இப்போது 1, லிட்டில் இந்தியா வழியாக. லிட்டில் இந்தியாவிலிருந்து கிளம்பி அங்கேயே திரும்ப 3, ஏனென்றால் அதற்கு அண்டை மூன்று. இன்னொரு முறை பெருக்கினால் மூன்று தாவல்.

ஒன்று மட்டும் கவனம், இங்கே அண்டை என்றால் அருகில் இருப்பது அல்ல. பிராஸ் பசாவிலிருந்து பென்கூலனுக்கு நடந்தே போய்விடலாம், ஆனால் இரண்டையும் நேராக இணைக்கும் ரயில் பாதை கிடையாது, அதனால் 0 தான். (நம் வீவக அடுக்குமாடி புளோக்கில் பக்கத்து வீட்டு நெத்திலி வறுக்கும் வாசனை தினமும் வரும், ஆள் பெயர் தெரியாது, அந்த மாதிரி.)

சரி, மகள் அனுப்பிய படத்தை மறுபடி பாருங்கள். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் போகும் சாய்கோட்டின் இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்துப்போகவில்லை என்றால், அதில் ஒருவழிக் கோடுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கோட்டை அவர்கள் 'போகே', அதாவது வில், என்பார்கள். "இதில் போகே எத்தனைடி?" என்று கேட்டு அனுப்புங்கள்.