மகள் ரெஃப்ரி ஆகட்டும், பி.காமையும் முடிக்கட்டும்

கேள்வி: என் மகள் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வயது 19. பள்ளியிலிருந்தே கால்பந்து ஆடுகிறவள். போன வருடம் மாவட்ட அளவில் ரெஃப்ரி தேர்வு எழுதிப் பாஸ் செய்தாள். இப்போது படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமாக இதில் இறங்கப் போகிறேன் என்கிறாள். பேங்க் பரீட்சைக்குப் படி என்றால் காதில் வாங்குவதே இல்லை. யாரை எந்த மேட்சுக்குப் போடுகிறார்கள், அதற்கெல்லாம் சிபாரிசு வேண்டாமா? ஒரு பெண் நடு மைதானத்தில் நின்று இத்தனை பேரிடம் திட்டு வாங்க வேண்டுமா? – தென் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்.

வணக்கம் அம்மா. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்க்கலாம். உங்கள் மகள் பி.காமை நிறுத்தக் கூடாது. நீங்கள் அவளுடைய ரெஃப்ரி வேலையை நிறுத்தக் கூடாது.

இதில் வயதுக் கணக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் இருவரின் சண்டையையும் பாதி அதுவே தீர்த்துவிடும். சர்வதேச ஆட்டங்களை நடத்தும் ஃபிஃபா பட்டியலில் நடுவராக இடம்பெற குறைந்தது 25 வயது ஆகியிருக்க வேண்டும். கொடி பிடிக்கும் உதவி நடுவருக்கு 23. அதாவது உங்கள் மகள் இன்றே கல்லூரியை விட்டாலும் நடுவராக அந்தப் பட்டியலில் வருவது ஆறு வருடம் கழித்துத்தான். ஆறு வருடத்தில் ஒரு டிகிரி, ஒரு வேலை, மாவட்டத்திலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து தேசியத் தேர்வு என்று எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. அவசரப்பட்டால் அவளுக்கு ஒரு நாள்கூட மிச்சமாகாது.

வருமானத்தையும் ஒளிக்காமல் பேசிவிடுவோம். உள்ளூர் லீக்கில் ஒரு மேட்சுக்குக் கிடைக்கும் படிப்பணம், பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போக ஏதோ மிஞ்சும் அளவுதான். அதை மாதச் சம்பளமாக நினைத்துக் குடும்பம் நடத்த முடியாது. உலகப் புகழ் பெற்ற நடுவர்களே வேறு தொழில் கையில் வைத்திருந்தவர்கள்தான். 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்திய ஹோவர்ட் வெப் இங்கிலாந்தில் போலீஸ் சார்ஜென்ட்டாக இருந்தவர். 2002 இறுதி ஆட்டத்தை நடத்திய இத்தாலியின் கொலினா நிதி ஆலோசகர். யூரோ 2020 இறுதி ஆட்டத்தை நடத்திய நெதர்லாந்தின் பியோர்ன் கைப்பர்ஸ் சொந்தமாக சூப்பர் மார்க்கெட் வைத்திருப்பவர். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் போன்ற பணக்கார லீக்கே நடுவர்களை முழுநேரச் சம்பளத்தில் வைத்தது 2001-ல்தான். இந்தப் பெயர்களை மகளிடம் நீங்களே சொல்லுங்கள். வேலையும் வேண்டும் என்று அம்மா சொல்வது பயத்தில் மட்டும் இல்லை, இந்தத் தொழிலே அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது என்று அவளுக்கும் புரியும்.

சரி, சிபாரிசு விஷயம். நியாயமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

மேட்சை யாரும் கேட்டு வாங்குவதில்லை, அது ஒதுக்கப்படுகிறது. உள்ளூரில் சங்கத்தின் ரெஃப்ரி குழு ஒதுக்கும். தேசிய லீக்குகளுக்கு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் நடுவர் பிரிவு. இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டங்களின் நடுவர்களுக்கென்றே பிஜிஎம்ஓஎல் என்ற தனி அமைப்பு இருக்கிறது. பெரிய ஆட்டங்களில் ஒரு மதிப்பீட்டாளர் உட்கார்ந்து பார்த்து, எங்கே நின்றார், எந்த முடிவு சரி, எது தப்பு என்று அறிக்கை எழுதுவார். அடுத்த ஒதுக்கீட்டுக்கு அதுதான் அடிப்படை.

இந்த ஒதுக்கீடு கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியைப் பார்க்க வேண்டும். 2006-ல் வெளிவந்த கால்சியோபோலி விவகாரத்தில், யுவெண்டஸ் நிர்வாகி லூச்சியானோ மோஜி நடுவர்களை ஒதுக்கும் அதிகாரிகளோடு போனில் பேசிய பேச்சுகள் பதிவாகி வெளியே வந்தன. அந்த கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது, இரண்டு சாம்பியன் பட்டங்கள் பறிபோயின. எனவே ‘சிபாரிசே கிடையாது’ என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மனிதர்கள் நடத்தும் எதிலும் அது தலைகாட்டும். ஆனால் அதைத் தடுக்கத்தான் இத்தனை விதிகள். இங்கிலாந்தில் ஒரு நடுவர் எந்த கிளப்பின் ரசிகர் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அந்த அணியின் ஆட்டம் அவருக்கு வராது. உலகக் கோப்பையில் உங்கள் நாடு ஆடும் ஆட்டத்தை நீங்கள் நடத்த முடியாது. 2010-ல் இங்கிலாந்து இறுதிவரை போயிருந்தால் வெப்புக்கு அந்த விசில் கிடைத்தே இருக்காது.

நம் ஊரில் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் எது உதவுகிறது தெரியுமா? கூப்பிட்டால் போனை எடுப்பது. ஒப்புக்கொண்ட மேட்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால் மைதானத்தில் நிற்பது. ரெட் கார்டு காட்டிய அன்று இரவே, என்ன நடந்தது, எந்த நிமிடத்தில், நான் எங்கிருந்து பார்த்தேன் என்று தெளிவாக அறிக்கை எழுதி அனுப்புவது. கிளப்காரர் புகார் கொடுத்தால் குழுவின் கையில் இருப்பது அந்தக் காகிதம் மட்டும்தான். மகளை இதில் இன்றே பழக்குங்கள். பி.காம் மாணவிக்குக் கணக்கை ஒழுங்காக எழுதத் தெரியுமே, அறிக்கையும் எழுத வரும்.

இனி முடிவுகள் எடுப்பது. அவளுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்பது இங்கேதான் தெரியும். கூர்மையான கண் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கண் சரியாகப் பார்த்தும் கோட்டைவிட்ட கதை ஒன்று இருக்கிறது.

2023 செப்டம்பர் 30. லண்டனில் டோட்டன்ஹாம் - லிவர்பூல் ஆட்டம். கோல் எதுவும் விழாத நிலையில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் பந்தை வலைக்குள் அடிக்கிறார். உதவி நடுவர் கொடியைத் தூக்க, நடுவர் ஆஃப்சைடு கொடுக்கிறார், அதாவது டியாஸ் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்கூட்டியே நின்றதால் கோல் செல்லாது என்று. விஏஆர் அறையில், அதாவது வீடியோ பார்த்து மைதான நடுவருக்கு உதவும் அறையில், இருந்தவர்களுக்கு அது ஆஃப்சைடு இல்லை என்று தெளிவாகவே தெரிந்தது. ஆனால் அங்கே இருந்த டேரன் இங்கிலாந்து, மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் இருந்தார். அதனால் ‘சோதனை முடிந்தது’ என்று மட்டும் சொன்னார். மைதானத்தில் இருந்த நடுவருக்கு அதன் பொருள், நீங்கள் கொடுத்த ஆஃப்சைடு சரி என்பது. ஃப்ரீ கிக் அடித்து ஆட்டம் தொடர்ந்துவிட்டது. அதே அறையில் வீடியோ ஓட்டுபவர்தான் முதலில் சந்தேகப்பட்டுக் கேட்டார். தப்பு புரிந்தபோது கையைப் பிசைவதைத் தவிர வழியில்லை. ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகு இப்படிப்பட்ட முடிவைத் திருத்த விதி இடம் தரவில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. அந்த அறையின் ஒலிப்பதிவை மூன்று நாள் கழித்து பிஜிஎம்ஓஎல்லே வெளியிட்டது.

இந்த நிகழ்வில் ஒதுக்கீடும் இருக்கிறது பாருங்கள். அந்த அறையில் இருந்த இரண்டு நடுவர்களும் இரண்டு நாள் முன்னால்தான் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு லீக் ஆட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். களைப்பில் இருக்கிறவர்களை ஏன் போட்டீர்கள் என்று கேள்வி எழுந்தது. அடுத்து அவர்களுக்கு ஒதுக்கியிருந்த ஆட்டங்கள் பறிக்கப்பட்டன. பெரிய லீக்கிலும் நடுவரின் நிலை இதுதான், ஒரு வார்த்தை குறைந்தால் அடுத்த வாரம் வீட்டில்.

இன்னொன்று நமக்குப் பக்கத்தில் நடந்தது. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், இந்தியாவின் ஐஎஸ்எல் லீக்கில் ஒரு நாக்அவுட் ஆட்டம். கூடுதல் நேரத்தில் பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக். கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்கள் சுவர் அமைத்துக் கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி சட்டென்று அடித்தார், பந்து உள்ளே. நடுவர் கிறிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் ஆட்களை மைதானத்தை விட்டே வெளியே அழைத்துப் போனார். வெற்றி பெங்களூருவுக்குப் போனது. பிறகு கேரள கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை.

ஃப்ரீ கிக் பற்றிய விதி 13 என்ன சொல்கிறது? எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்கும்வரை காத்திருக்காமல் ஃப்ரீ கிக்கை உடனே அடிக்க அணிக்கு உரிமை உண்டு. ஆனால் நடுவர் தலையிட்டு, விசிலுக்குக் காத்திருங்கள் என்று காட்டிவிட்டால் விசிலுக்கு முன் அடிக்கக் கூடாது. கேரளத்தின் வாதம் முழுக்க இந்த இரண்டாவது வரியில்தான் தொங்கியது. அன்று விஏஆரும் கிடையாது. நடுவர் அந்த நொடியில் எடுத்த முடிவுதான் இறுதி. உங்கள் மகளிடம் இந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, நீ அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள். ‘கோல்’ அல்லது ‘கோல் இல்லை’ என்று மட்டும் சொன்னால் அவள் இன்னும் ரசிகைதான். விசிலைக் கையால் காட்டினேனா, எங்கே நிற்கிறேன், சுவரைப் பார்க்கிறேனா பந்தைப் பார்க்கிறேனா என்று யோசித்தால் அவள் ரெஃப்ரி ஆகத் தொடங்கிவிட்டாள் என்று தைரியமாக நம்பலாம்.

உடல் தகுதியையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபிஃபாவின் ஆண் நடுவர்களுக்கான தேர்வில் 40 மீட்டரை ஆறு முறை, ஒவ்வொன்றும் 6 வினாடிக்குள் ஓட வேண்டும். அப்புறம் 75 மீட்டர் ஓட்டம் 15 வினாடியில், 25 மீட்டர் நடை 18 வினாடியில், இப்படி 40 தடவை. பெண்களுக்கான ஆட்டங்களின் தேர்வில் நேரம் கொஞ்சம் தாராளம். ஆனால் ஆண்கள் ஆட்டத்தை நடத்த ஆசைப்படும் பெண், ஆண்களின் நேரத்திலேயே ஓடிக் காட்ட வேண்டும். 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனி - கோஸ்டாரிகா ஆட்டத்தை நடத்திய பிரான்ஸின் ஸ்தெஃபனி ஃபிராபார் அப்படி வந்தவர்தான்.

பெண் என்பதற்காக நீங்கள் தயங்க வேண்டாம் என்று சொல்ல நான் பிரான்ஸ் வரை போகத் தேவையும் இல்லை. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா நடுவர் ஆனவர், தமிழ்நாட்டிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் பெண். அதற்கும் முன்னால் நம் மாநிலத்தின் சங்கர் கோமளீஸ்வரன் 2002 உலகக் கோப்பையில் உதவி நடுவராக இருந்திருக்கிறார். வழி புதிதில்லை.

திட்டு வாங்குவாள் அம்மா, அதை மறைக்க மாட்டேன். துருக்கியில் 2023 டிசம்பரில் ஆட்டம் முடிந்ததும் ஒரு கிளப் தலைவரே மைதானத்துக்குள் வந்து நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். அதே மெலர் அடுத்த வருடம் யூரோ கோப்பையில் விசில் ஊதினார். ஆரம்ப காலத்தில் உள்ளூர் மேட்சுகளுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். கூடவே கொடி பிடிக்கும் இரண்டு பேர் யார், போலீஸ் உண்டா, உடை மாற்ற அறை உண்டா, இரவு எப்படித் திரும்புவது என்று ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள். கேட்பதால் அவளுக்கு மேட்ச் குறைந்துவிடாது. அப்படிக் குறையும் இடத்தில் அவள் இருக்கவும் வேண்டாம்.

இன்னொரு ஆபத்து அவள் கைப்பேசியிலேயே இருக்கிறது. துருக்கியிலேயே 2025 அக்டோபரில், 571 தொழில்முறை நடுவர்களில் 371 பேருக்குச் சூதாட்டப் பந்தயக் கணக்கு இருந்ததாகச் சம்மேளனம் அறிவித்தது. 149 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கல்லூரியில் தோழிகள் விளையாட்டாகப் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் வைத்து ஆடும் ஆப்பாக இருந்தாலும் உங்கள் மகளின் போனில் அது இருக்கவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

கடைசியாக வேலை. ஒரு தவறான நம்பிக்கையை முதலில் விலக்கிவிடுகிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை என்பது வீரராக ஆடியதற்குத்தான், நடுவர் சான்றிதழை வைத்துக் கேட்க முடியாது. அவள் இன்னும் பல்கலைக்கழக அணிக்கு, மாநில அணிக்கு ஆடும் வாய்ப்பு இருந்தால் அதை விட்டுவிட வேண்டாம்.

பி.காமுக்குப் பிறகு இரண்டு பாதைகள் எனக்குப் பொருத்தமாகப் படுகின்றன. ஒன்று, பி.பி.எட் இரண்டு வருடம் முடித்து உடற்கல்வி ஆசிரியை. தினமும் மைதானம், தினமும் ஓட்டம், பள்ளி ஆட்டங்களுக்கு விசில். இரண்டாவது, நீங்கள் சொல்லும் பேங்க். சம்பளம் நிலையானது, ஆனால் வாரநாளில் வெளியூர் மேட்ச் வந்தால் லீவு கிடைக்குமா, இடமாற்றம் வந்தால் எந்தச் சங்கத்தில் பதிவு இருக்கும் என்று பார்க்க வேண்டும். அவள் சுபாவத்தைப் பார்த்தால் எனக்கு முதல் பாதைதான் சரியென்று தோன்றுகிறது. பேங்க் பரீட்சை எழுத வயது வரம்பு இன்னும் நிறைய இருக்கிறது, இப்போதே அதற்காக வீட்டில் சத்தம் போட வேண்டாம். அதற்குப் பதில் அவளுடைய ஆங்கிலத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டு ஆட்டங்களில் சக நடுவர்களோடு பேசுவது ஆங்கிலத்தில்தான். விதிப் புத்தகம், கால்பந்து விதிகளை வகுக்கும் இஃபாப் அமைப்பின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, மொத்தம் 17 விதிகள். தினம் ஒரு பக்கம் உரக்கப் படித்து அதைத் தமிழில் உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மேட்ச் இருந்தால் நீங்களும் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். போய் வந்த பிறகு பி.பி.எட் சேர்க்கை பற்றிக் கேட்க வேண்டியது இருந்தால் எழுதுங்கள்.