கட்சி இல்லாமலும் ஆண்டு பார்த்தோம்

அன்பின் அக்கா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். அப்பா முப்பது வருடமாக ஒரே கட்சியின் அங்கத்தவர். எனக்கோ கட்சி என்ற சொல்லைக் கேட்டாலே வெறுத்துப்போகிறது. தேர்தலுக்கு முன் ஒருவரையொருவர் திட்டுகிறார்கள், முடிந்ததும் ஒரே மேடையில் மாலை போட்டுக்கொள்கிறார்கள். 225 படித்த, நேர்மையான மனிதர்களைத் தெரிவு செய்து பாராளுமன்றத்துக்கு அனுப்பினால் போதாதா? அவர்களே கூடிக் கதைத்து நாட்டை நடத்தட்டும். நடுவில் கட்சி எதற்கு? அடுத்த முறை ஒரு சுயேச்சைக் குழுவுக்குத்தான் என் வாக்கு. இதைச் சொன்னால் அப்பாவோடு சண்டை வருகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர., வெள்ளவத்தை

அன்பின் தம்பி,

நீங்கள் கேட்கிற ஆட்சி இந்த நாட்டில் ஏற்கனவே நடந்திருக்கிறது. கொழும்பிலேயேதான். காலிமுகத் திடலின் வடக்கு முனையில், தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பழைய கட்டடம் தெரியும்தானே, இப்போது ஜனாதிபதி செயலகம். 1931 முதல் 1947 வரை, வெள்ளையர் காலத்துச் சட்டமன்றமான அரசாங்க சபை அங்கேதான் கூடியது. சர்வசன வாக்குரிமை வந்த புதிது. தெரிவான உறுப்பினர்கள் 50 பேர். தொழிற்கட்சி, பிறகு இடதுசாரிகளான சமசமாஜக் கட்சி என்று ஒரு சிலரைத் தவிர, மற்ற எல்லோரும் தனி ஆட்களாக நின்று வென்றவர்கள். படித்தவர்களுக்கும் குறைவில்லை. உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு குழுவும் தனக்கு ஒரு தலைவரைத் தெரிவு செய்தது. அந்த ஏழு பேர்தான் அமைச்சர்கள். கூடிக் கதைத்து நாட்டை நடத்துவது என்றால் இதுதான்.

முதல் சபையில் தமிழரான பெரி சுந்தரமும் முஸ்லிமான மாக்கான் மாக்காரும் அமைச்சர்களாக இருந்தார்கள். 1936இல் இரண்டாவது சபை கூடியபோது ஏழு அமைச்சர்களும் சிங்களவர்கள். யார் எந்தக் குழுவுக்குப் போனால் ஏழு தலைமையும் கைக்கு வரும் என்று சிங்களத் தலைவர்கள் முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்கள். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் என்றுதான் சொல்லப்படுகிறது. அவர் ஒரு தமிழர்.

இனி ஒரு வாக்காளரின் இடத்தில் நின்று யோசியுங்கள். அவர் தன் தொகுதியில் ஒரு நல்ல மனிதருக்கு வாக்களித்தார். ‘வென்றால் இப்படி ஒரு அமைச்சரவை அமைப்போம்’ என்று எந்த மேடையிலும் யாரும் அவரிடம் சொல்லவில்லை, ஏனென்றால் ‘நாங்கள்’ என்று சொல்ல அங்கே ஒரு கூட்டமே இல்லை. அடுத்த தேர்தலில் தண்டிக்கலாம் என்றாலும் யாரைத் தண்டிப்பது? கட்சி இல்லாத இடத்தில் உறவும் சாதியும் இனமும் காசும் தாமாகவே கட்சியாகிவிடுகின்றன. அந்தக் கட்சிக்குப் பெயர் இல்லை, விஞ்ஞாபனம் இல்லை, கதவைத் தட்டிக் கேட்க ஒரு காரியாலயம் இல்லை.

கட்சிகள் வந்ததும் இனவாதம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். 1956இல் இரண்டு பெரிய கட்சிகளும் தனிச் சிங்களத்துக்கு, அதாவது சிங்களம் மட்டுமே அரச மொழி என்பதற்கு, போட்டி போட்டன. சமசமாஜக் கட்சி அதை எதிர்த்தது. அதே கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா அரசியலமைப்பு அமைச்சராக இருந்துதான் 1972 யாப்பு வந்தது, சிங்களம் அரச மொழி என்பது அதிலேயே எழுதப்பட்டது. அன்று அப்படிச் சொன்ன கட்சி பிறகு ஏன் இப்படிச் செய்தது என்று நாங்கள் இப்போதும் கேட்கிறோம். கேட்க ஒரு பெயர் இருக்கிறது.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். போன வருடங்களைப் பாருங்கள். 2025 மே மாதம் கொழும்பு மாநகர சபைத் தேர்தல் நடந்தது. மொத்தம் 117 இடங்கள், அதிகம் எடுத்த தேசிய மக்கள் சக்தி கட்சிக்கு 48. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜூன் மாதம் மேயரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்தார்கள், 61க்கு 54. யார் வென்றது, யார் தோற்றது என்பதல்ல என் கவலை. நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். நான் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் அன்று எந்தப் பக்கம் கை வைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கட்சிகளுக்கு நடுவே நின்ற அந்தக் கொஞ்சப் பேரின் கையில்தான் முடிவு இருந்தது. இப்படி ஒரு சபையை நினைத்துப் பாருங்கள், அதில் 225 பேரும் நடுவே நிற்பவர்கள்!

சுயேச்சைக் குழுவைப் பற்றி ஒரு விஷயம். எங்கள் பாராளுமன்றத் தேர்தலில் தனி ஆள் ஒருவர் சுயேச்சையாக நிற்கவே முடியாது. குழுவாகத்தான் நிற்க வேண்டும். 2024இல் கொழும்பு மாவட்டத்துக்கு 18 இடங்கள், அதோடு மூன்று கூட்டி ஒரு பட்டியலில் 21 பேர். வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் பெயர்கள் இல்லை. கட்சி அல்லது குழுவின் பெயரும் சின்னமும், கீழே வேட்பாளர்களைக் குறிக்கும் 1 முதல் 21 வரை இலக்கங்களும்தான். அதில் மூன்று பேருக்கு வரை விருப்பு வாக்குப் போடலாம். என் பெரியம்மா மூன்று விருப்பு இலக்கங்களையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். வாக்களித்துவிட்டு வந்து, அதில் ஒரு இலக்கம் யாருடையது என்று என்னிடம் கேட்டார். ஆளைப் பார்த்து வாக்களிப்பது என்பது எங்கள் முறையில் இவ்வளவுதான். உங்கள் சுயேச்சைக் குழுவில் நீங்கள் நம்புகிற ஒருவருக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் நிற்பார்கள். அவர்களை யார் தெரிவு செய்தார்கள் என்று கேட்டீர்களா?

சரி, உங்கள் கோபத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு கட்சியின் கிளைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டின் முன்விறாந்தை, பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் கதிரைகள், பிளேன்டீ. பெண்களுக்கு 25 வீத இடம் என்ற சட்டம் முதல்முறையாக நடைமுறைக்கு வந்த தேர்தல் அது. கான் அடைத்தாலும் தெரு விளக்கு எரியாவிட்டாலும் மாநகர சபைக்கு நடையாய் நடக்கிற ஒரு அக்கா எங்கள் ஒழுங்கையில் இருந்தார். எல்லோரும் அவர் பெயரைத்தான் சொன்னோம், கை தூக்கினோம். அவர் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். வேட்புமனுக் கொடுத்த பிறகு பார்த்தால் வட்டாரத்துக்கு வேறொருவர் பெயர். அக்காவைப் பட்டியலின் அடியில் போட்டிருந்தார்கள். யார் மாற்றியது என்று கிளைத் தலைவருக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர்தான். நானும் போகவில்லை. போயிருக்க வேண்டும், போய்க் கேட்டிருக்க வேண்டும். அது நான் விட்ட பிழை.

எங்கள் சட்டத்தில் வேட்புமனுவில் கையெழுத்து வைப்பவர் கட்சிச் செயலாளர். கட்சிகளுக்கு நாடு முழுவதும் கிடைத்த வாக்குகளுக்கு ஏற்பப் பிரிக்கப்படும் தேசியப்பட்டியலின் 29 இடங்களுக்கு யார் என்று தேர்தல் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பவரும் அவர்தான். மக்கள் தோற்கடித்தவரைக்கூட அதன் வழியாக உள்ளே கொண்டுவரலாம். கட்சி நீக்கினால், உயர் நீதிமன்றம் தடுக்காவிட்டால், ஒரு மாதத்தில் உறுப்பினரின் ஆசனமும் போய்விடும். அமைச்சர்களாக இருந்த நசீர் அஹமட் 2023இலும், ஹரின் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் 2024இலும் அப்படித்தான் ஆசனம் இழந்தார்கள். கட்சி தாவுகிறவர்களைப் பிடிக்க இப்படி ஒன்று தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் இவ்வளவு அதிகாரத்தைக் கட்சிக்குக் கொடுத்த சட்டம், வேட்பாளரை அங்கத்தவர்கள்தான் தெரிவு செய்ய வேண்டும் என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. என் சண்டை முழுக்க இந்த இடத்தில்தான்.

அதனால் உங்கள் அப்பாவோடு கட்சி நல்லதா கெட்டதா என்று வாதாட வேண்டாம். முப்பது வருட அங்கத்துவத்தில் ஒரு தடவையாவது ஒரு வேட்பாளரைத் தெரிவு செய்ய அவரிடம் வாக்குக் கேட்டார்களா என்று மட்டும் கேளுங்கள். கட்சியின் யாப்பு வீட்டில் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். நியமனக் குழுவில் யார் இருக்கிறார்கள், அவர்களை யார் நியமித்தது என்று பாருங்கள். அப்பா என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா