உயர் மின்னழுத்த பவர் சப்ளையில் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு என்றால் என்ன?

பெங்களூருவின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் 12 வோல்ட்டை 170 வோல்ட்டாக உயர்த்தும் சிறு பலகையை வாங்கி நிக்ஸி கடிகாரம் (வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்களில் எண்கள் ஒளிரும் கடிகாரம்) செய்வோர் பலருக்கும் எழும் ஐயம், வெளியீட்டின் இரு முனைகள் தவறித் தொட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதே. அந்நிலையில் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைப்பதோ துண்டிப்பதோதான் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு.

இத்தகைய பூஸ்ட் வகைப் பலகையில், கட்டுப்படுத்தும் ஐ.சி. தன் மாஸ்ஃபெட்டை (சுவிட்ச் போல இயங்கும் டிரான்சிஸ்டரை) முழுதாக நிறுத்திவிட்டாலும், உள்ளீட்டிலிருந்து சுருள், டையோடு வழியாக வெளியீட்டுக்கு நேர்ப்பாதை திறந்தே இருக்கிறது. ஆகவே ஷார்ட் ஏற்பட்டால், அடாப்டரால் தரக்கூடிய மின்னோட்டம் முழுவதும் அவ்வழியே பாய்ந்து டையோடையோ சுருளையோ கருக்கிவிடக்கூடும். உள்ளீட்டில் ஃபியூஸ் இல்லாத பலகையை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் அப்படியே பயன்படுத்தச் சொல்லமாட்டேன்.

ஃபியூஸ் மட்டும் போதாது. மோட்டாரை நிறுத்தினாலும், மாடித் தொட்டியில் உள்ள தண்ணீர் உடைந்த குழாய் வழியே கொட்டித் தீர்வதுபோல, வெளியீட்டுக் கெப்பாசிட்டரில் சேர்ந்த மின்னூட்டம் ஒரே நொடியில் பாயும். அந்தக் கெப்பாசிட்டரை அடுத்துத் தொடராக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால், 170 வோல்ட்டில் ஷார்ட் மின்னோட்டம் 17 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. ஆனால் அப்போது அதில் ஏறத்தாழ 3 வாட் வெப்பம் எழுவதால், கால் வாட் ரெசிஸ்டரைப் போட்டால் அதுவே புகையும், 5 வாட் வேண்டும்.

இப்பாதுகாப்பு இருந்தால் கையால் தொடலாம் எனப் பலர் எண்ணுவது தவறு: இது பலகையைக் காப்பதற்கானதே தவிர, தொடுபவரைக் காப்பதற்கானதன்று, அந்த 17 மில்லி ஆம்பியரே உடலுக்கு ஆபத்தானது என்பதோடு, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும் என்பதால், மல்டிமீட்டரில் அளந்து பார்த்த பின்னரே தொட வேண்டும்.